தீபாவளிக்கு வீடு பளிச்சிட வேண்டுமா? முதலில் சுவரைத் தொட்டுப் பாருங்கள்!

(குறைந்த செலவில் வீட்டைப் புதுப்பிப்பது குறித்துத் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒவ்வோர் ஆண்டும் தீபாவளி நெருங்கும்போது கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும், பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கூட்டம் அலைமோதுவதைப் பார்க்கிறோம். புடவையும் பலகாரமும் வாங்கும் கையோடு திரைச்சீலை, மெத்தை உறை, பிளாஸ்டிக் பூங்கொத்து, சாய டின் ஆகியவையும் வீட்டுக்கு வந்து சேர்கின்றன. பண்டிகைக்கு வீடு புதுசாக இருக்க வேண்டும் என்ற ஆசை நியாயமான ஆசைதான். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஆனால் தைப்பூசம் வருவதற்குள் என்ன நடக்கிறது? அதே சுவரில், அதே மூலையில், சாயம் கொப்பளம் கொப்பளமாக உப்பி நிற்கிறது. கறுப்புப் புள்ளிகள் மீண்டும் எட்டிப் பார்க்கின்றன. அடுத்த ஆண்டு மறுபடியும் ஒரு டின் சாயம், மறுபடியும் அதே கதை. நாம் பாடுபட்டுச் சேர்த்த பணம் எங்கே போனது?

நான் வேலை செய்யும் தொலைக்காட்சி அரங்கில் கேமரா பார்க்கும் பக்கத்துக்கு மட்டும்தான் சாயம் பூசுவார்கள். பின்பக்கம் வெறும் பலகை. ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு அது போதும். வீடு அப்படியல்ல. அங்கே நாம் தூங்குகிறோம், மூச்சு விடுகிறோம், பிள்ளைகளை வளர்க்கிறோம். ஆகவே இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கையில் பணம் குறைவாக இருக்கும்போது, அதைச் செலவழிக்கும் வரிசை தவறக் கூடாது. முதலில் ஈரம், அடுத்தது மின்சாரம், பிறகு வெளிச்சமும் காற்றும், அதன் பிறகு சாயம், கடைசியில்தான் அலங்காரம். நம்மில் பலர் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறோம்.

மழைக்காலத்தில் பூசும் சாயம்

தமிழ்நாட்டில் நம் முன்னோர் வீட்டுக்கு வெள்ளையடித்தது பொங்கலுக்கு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வெயில் தலைகாட்டும் நேரம் அது. அடித்த சுண்ணாம்பு நன்றாகக் காய்ந்துவிடும். இங்கே நம்மில் பெரும்பாலோர் தீபாவளிக்குத்தான் சாயம் பூசுகிறோம். கிள்ளான் பள்ளத்தாக்கிலோ அக்டோபர், நவம்பர் மாதங்கள் ஆண்டிலேயே அதிக மழை பெய்யும் காலங்களில் ஒன்று. மாலை ஆனால் இடியும் மழையும். சுவர் காயாத மாதத்தில் சாயம் பூசிவிட்டு, சாயக் கம்பெனியைத் திட்டி என்ன பயன்?

இன்னொரு வேறுபாடும் உண்டு. அந்தக் காலச் சுண்ணாம்பு காரத்தன்மை கொண்டது. அதில் பூஞ்சை எளிதில் பிடிக்காது. சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேறவும் அது வழி விடும். இன்றைய சாயங்கள் பல சுவரின் மேல் ஒரு தோல் போலப் படிகின்றன. உள்ளே ஈரம் இருந்தால் அந்தத் தோலைத் தள்ளிக்கொண்டுதான் வெளியே வரும். நாம் பார்க்கும் கொப்பளம் அதுதான்.

ஆகவே ஒழுகலைச் சரிசெய்யும் வேலையை, மழை குறைந்த ஜூன், ஜூலையிலேயே தொடங்கிவிடுங்கள். சாயம் பூசும் வேலையையும் அப்போதே முடிக்க முடிந்தால் இன்னும் நல்லது. தீபாவளிக்குத் தோரணமும் திரைச்சீலையும் மட்டும் மிச்சமிருக்கட்டும்.

செங்கல் குடிக்கும் தண்ணீர்

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயர் எப்படி வந்தது என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். 1881ஆம் ஆண்டில் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கின. மரமும் அத்தாப்பும் கொண்டு கட்டிய வீடுகள் அழிந்தன. அதன் பின் பிராங்க் சுவெட்டன்ஹாம் காலத்தில், செங்கல்லும் ஓடும் வைத்துத்தான் கட்ட வேண்டும் என்று முடிவானது. அதற்குச் செங்கல் தந்த சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ்.

செங்கல் தீக்கு அஞ்சாது. ஆனால் தண்ணீரைப் பஞ்சு போல உறிஞ்சும். ஓரிடத்தில் புகுந்த நீர் வேறோர் இடத்தில் கறையாகத் தெரியும். அதனால்தான் கறை தெரியும் இடத்தில் மட்டும் மருந்து பூசினால் நோய் தீர்வதில்லை.

காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. சமையலறையில் இருக்கும் அலுமினியத் தாளை ஒரு சாண் சதுரமாக வெட்டி, கறை உள்ள இடத்தில் நான்கு ஓரமும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டிவிடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்குப் பின்னால், சுவர்ப் பக்கம் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. முன்பக்கம் துளிர்த்திருந்தால் அறைக்குள் இருக்கும் காற்றில்தான் ஈரம் அதிகம். முதல் வகைக்குக் குழாயையும் சன்னல் விளிம்பையும் பார்க்க வேண்டும். இரண்டாம் வகைக்குச் சன்னலைத் திறந்துவைப்பதே பெரிய வைத்தியம்.

அடுத்த சோதனை தண்ணீர் மீட்டர். இரவு படுக்கும் முன் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் யாரும் தண்ணீரைத் தொடும் முன் மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ மறைவாக ஒழுகுகிறது. சொட்டுகிற குழாயின் வாஷரை மாற்றுவது, சன்னல் சட்டத்தைச் சுற்றி விரிந்த கோட்டை சிலிகோன் பசையால் அடைப்பது, குளியலறை ஓடுகளுக்கு இடையே உதிர்ந்த சிமெண்டைச் சுரண்டிப் புதிதாக நிரப்புவது ஆகியவை வீட்டிலுள்ளவர்களே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிடக்கூடிய வேலைகள்.

மேல் மாடியிலிருந்து ஒழுகினால்?

இது அடுக்குமாடி வீட்டில் வாழும் நம் மக்களின் பெரிய தலைவலி. கூரையில் மஞ்சள் கறை படிகிறது. நாம் அதன் மேல் வெள்ளைச் சாயம் பூசுகிறோம். மேல் வீட்டுக் குளியலறை ஒழுகுவது நிற்கவில்லை. இதில் நாம் செலவழிக்கும் ஒவ்வொரு வெள்ளியும் வீண்.

முதலில் படியேறிப் போய் மேல் வீட்டாரைப் பாருங்கள். அவர் எந்த இனத்தவராக இருந்தாலும் சரி, "எங்கள் வீட்டுக் கூரையில் தண்ணீர் இறங்குகிறது, ஒரு நடை வந்து பாருங்களேன்" என்று பணிவாக அழைத்துக் காட்டினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் சட்டம் இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டமும், அதன் கீழ் வந்த 2015ஆம் ஆண்டு விதிமுறைகளும் மாடிக்கு மாடி ஒழுகும் தண்ணீரைப் பற்றித் தனியாகவே பேசுகின்றன. உங்கள் அடுக்குமாடியின் கூட்டு நிர்வாகக் குழுவிடம், அதாவது ஜேஎம்பி அல்லது நிர்வாகக் கழகத்திடம், எழுத்து மூலம் புகார் கொடுங்கள். புகார் கிடைத்த 7 நாளுக்குள் அவர்கள் வந்து பார்வையிட வேண்டும். பார்வையிட்ட 5 நாளுக்குள் காரணம் என்ன என்று ஒரு சான்றிதழ் தர வேண்டும். வேறு ஆதாரம் இல்லாத வரை, கூரையில் ஒழுகும் நீருக்குக் காரணம் மேலே இருக்கும் வீடுதான் என்றே சட்டம் கருதுகிறது. அதற்கும் மசியாவிட்டால் ஸ்ட்ராத்தா நிர்வாக நடுவர் மன்றம் இருக்கிறது. வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டு உரிமையாளர் வழியாகச் செல்லலாம். மாநகர் மன்றத்தின் பிபிஆர் வீடுகளில் இருப்பவர்கள் மாநகர் மன்றத்திடமே எழுத்து மூலம் முறையிட வேண்டும்.

வாயால் சொன்ன புகார் காற்றோடு போய்விடும். எழுதிக் கொடுத்து, தேதியோடு ஒரு நகலில் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு தாள் பத்து டின் சாயத்துக்குச் சமம்.

வெள்ளம் புகுந்த வீடுகள்

2021 டிசம்பர் 18ஆம் தேதி பெய்த மழையை ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மக்கள் மறக்க மாட்டார்கள். கிள்ளான் சுற்றுவட்டாரத்திலும் ஆயிரக்கணக்கான வீடுகளில் நீர் புகுந்தது. இப்படிப்பட்ட பகுதிகளில் வீட்டைப் புதுப்பிக்கும்போது அடுத்த வெள்ளத்தையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அழுத்தத் தூள் பலகையில் செய்த அலமாரி தண்ணீர் பட்டால் உப்பி உதிர்ந்துவிடும். புதிதாக வாங்குவதற்குப் பதில், பழைய கெட்டி மர அலமாரியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சாயம் பூசி, கைப்பிடியை மட்டும் மாற்றினால் விலையும் குறைவு, ஆயுளும் அதிகம். தரையை ஒட்டிய மின் இணைப்புகளை மேலே உயர்த்தி வைப்பது நல்லது. பிறப்புச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம் முதலியவற்றுக்குத் தலைக்கு மேல் ஒரு பலகைத் தட்டு அடியுங்கள். வெள்ள நீர் வடிந்த சுவருக்கு உடனே சாயம் பூச வேண்டாம். வாரக்கணக்கில் காய விட்டு, அலுமினியத் தாள் சோதனை செய்த பிறகே தூரிகையைத் தொடுங்கள்.

தொடக் கூடாத வேலைகள்

செலவைக் குறைக்க நாமே எல்லாவற்றையும் செய்யலாம் என்று நினைப்பது ஆபத்து. மூன்றை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள்.

முதலாவது, மின் கம்பி வேலை. அதை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனிடம் விடுங்கள். ஆனால் ஒன்றை நீங்களே செய்யலாம். மின் பெட்டியில் இருக்கும் ஆர்சிசிபி சுவிட்சில் 'டி' என்று எழுதிய சிறு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் சுவிட்ச் உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் மின்கசிவின்போது உங்கள் உயிரைக் காக்க வேண்டிய கருவி வேலை செய்யவில்லை என்று பொருள். சாயத்துக்கு வைத்த பணத்தை எடுத்து முதலில் அதை மாற்றுங்கள். அதே போல 13 ஆம்பியர் இணைப்புப் பலகை ஒன்றில் ஏறக்குறைய 3,000 வாட் வரைதான் தாங்கும். தண்ணீர்க் கெண்டி, இஸ்திரிப் பெட்டி, தீபாவளி விளக்குச் சரம் மூன்றையும் ஒரே பலகையில் மாட்டினால் அழகு எரிந்து சாம்பலாகிவிடும்.

இரண்டாவது, சுவரை உடைப்பது. தூண் தாங்கும் கட்டடம் வேறு, சுவரே தாங்கும் கட்டடம் வேறு. 1960களில் டென்மார்க் நாட்டு முறையில், தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கொண்டு கட்டிய பெக்கெலிலிங் அடுக்குமாடிகளைப் பெரியவர்கள் அறிவார்கள். அந்த வகைக் கட்டடங்களில் சுவரே பாரம் சுமக்கிறது. பார்வைக்கு எல்லாச் சுவரும் ஒன்று போலத்தான் தெரியும். ஹாலைப் பெரிதாக்க ஒரு சுவரைத் தட்டினால், நம் தலைக்கு மேல் இருக்கும் குடும்பங்களின் பாரத்தைத் தட்டுகிறோம். பொறியியலாளர் சொல்லாமல், நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் சுத்தியலை எடுக்காதீர்கள்.

மூன்றாவது, பழைய நெளிவுக் கூரைத் தகடும் பழைய கூரைப் பலகையும். அவற்றில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். அறுத்தாலும் துளையிட்டாலும் பறக்கும் தூசி நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது.

வெளிச்சமும் காற்றும்

இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு, பலன் மிகப் பெரிது. கண்ணாடிப் பட்டைச் சன்னலின் ஒவ்வொரு பட்டையையும் கழற்றிக் கழுவி மாட்டிப் பாருங்கள். அறை ஒரு படி வெளிச்சமாகிவிடும். பழைய 60 வாட் குமிழ் தந்த வெளிச்சத்தை ஏறக்குறைய 9 வாட் எல்இடி விளக்கு தந்துவிடுகிறது. கூரைக்கு வெள்ளை நிறம் இருந்தால் அதே விளக்கு இன்னும் பிரகாசமாகத் தெரியும்.

அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் மூன்று விரல் இடைவெளி விடுங்கள். அதன் பின்னால்தான் பூஞ்சை குடித்தனம் நடத்தும். ஈரத் துணியை வீட்டுக்குள் காயப்போடுவதைத் தவிருங்கள். பூஞ்சை பிடித்த வீட்டில் ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு மூச்சிரைப்பு அதிகமாகும் என்பதை மறந்துவிடக் கூடாது. பூஞ்சையைத் துடைக்க ஒரு கப் பிளீச்சுக்குப் பதினாறு கப் தண்ணீர் போதும். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, சன்னலைத் திறந்துவைத்துத் துடையுங்கள். பிளீச்சோடு வினிகரையோ கழிவறை கழுவும் அமிலத்தையோ ஒருபோதும் கலக்காதீர்கள். அதிலிருந்து எழும் வாயு உயிருக்கே உலை வைக்கும்.

இனி சாயம்

இப்போதுதான் தூரிகையை எடுக்க வேண்டும். எவ்வளவு சாயம் தேவை? பத்தடிக்குப் பத்தடி அறை, ஒன்பதடி உயரம் என்றால் நான்கு சுவரும் சேர்ந்து 360 சதுர அடி. கதவும் சன்னலும் போக 320, அதாவது 30 சதுர மீட்டர். ஒரு லிட்டர் சாயம் ஒரு தடவைக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் வரை வரும். இரண்டு தடவை பூச 5 அல்லது 6 லிட்டர் போதும். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போனால் யாரும் உங்களிடம் 18 லிட்டர் வாளியைத் தலையில் கட்ட முடியாது.

உதிரும் பழைய சாயத்தைச் சுரண்டுங்கள். வெடிப்பில் பட்டி வைத்து, காய்ந்ததும் தேய்த்துச் சமப்படுத்துங்கள். தூசியைத் துடைத்து, அடிப்பூச்சு ஒரு தடவை, சாயம் இரண்டு தடவை. ஒரு தடவைக்கும் அடுத்ததற்கும் இடையே டின்னில் எழுதியுள்ள நேரம் வரை காத்திருங்கள். சிமெண்ட் புதிதாகப் பூசிய சுவர் என்றால் நான்கு வாரம் காயட்டும். கம்பிக் கதவின் பழைய எண்ணெய்ச் சாயத்தில் ஈயம் இருக்கலாம். ஆகவே அதை ஈர உப்புத்தாளால் தேயுங்கள். கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

கம்பிக் கதவு என்றதும் ஒரு வேண்டுகோள். அதற்குச் சாயம் பூசும் அன்றே, பூட்டின் சாவிக்குக் கதவருகே ஓர் ஆணி அடியுங்கள். திருடனுக்குக் கை எட்டாத இடமாகவும், வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் கை எட்டும் இடமாகவும் இருக்கட்டும். நள்ளிரவில் தீப்பிடித்தால் சாவி தேட நேரம் இருக்காது. வெளி நடைபாதையில் காலணி அலமாரியும் பழைய சோபாவும் அடுக்காதீர்கள். அதுதான் எல்லோரும் தப்பி ஓடும் வழி.

கடைசியில் அலங்காரம்

இதற்குப் பணத்தைவிடக் கற்பனைதான் வேண்டும். அம்மாவின் பழைய பருத்திப் புடவை ஒன்று ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் நீளம். அதை மூன்றாக வெட்டி ஓரம் தைத்தால், ஓர் ஆள் உயரத்துக்கு மூன்று திரைச்சீலைத் துண்டுகள் கிடைக்கும். கடையில் கிடைக்காத கரை வேலைப்பாடு உங்கள் சன்னலில் தொங்கும். அடுப்புப் பக்கமும் சாமி விளக்குப் பக்கமும் மட்டும் துணி வேண்டாம். பிஸ்கட் டின்னில் துளசியும் கற்பூரவல்லியும் வளர்க்கலாம். அடித்தட்டில் தேங்கும் நீரை வாரம் தவறாமல் கொட்டிவிடுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வெளிவந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும்.

500 வெள்ளிக்கு ஒரு கணக்கு

உங்களிடம் 500 வெள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 வெள்ளியை ஒழுகலை அடைப்பதற்கு ஒதுக்குங்கள். 100 வெள்ளியை வயர்மேன் வந்து பார்ப்பதற்கு வையுங்கள். 50 வெள்ளி விளக்குக்கு, 200 வெள்ளி சாயத்துக்கு, மீதி 50 வெள்ளி அலங்காரத்துக்கு. விலை கடைக்குக் கடை மாறும். ஏதாவது ஒன்றில் செலவு கூடினால் அலங்காரத்திலிருந்து எடுங்கள், போதாவிட்டால் சாயத்திலிருந்து எடுங்கள். ஈரத்துக்கும் மின்சாரத்துக்கும் ஒதுக்கியதில் மட்டும் கை வைக்காதீர்கள். எல்லா அறைக்கும் அரைகுறையாகப் பூசுவதைவிட, இந்த ஆண்டு ஓர் அறையை முழுமையாக முடிப்பது நல்லது.

கோலாலம்பூர் பிபிஆர் அடுக்குமாடியில் 700 சதுர அடிக்குள் மூன்று அறை. அந்தச் சின்ன இடத்தில்தான் நம் குடும்பங்கள் பல, பிள்ளைகளைப் படிக்க வைத்து ஆளாக்குகின்றன. தோட்டத்து லயன் வீடுகளில் ஒரு வீட்டு வேலைக்குப் பக்கத்து வீட்டார் கேட்காமலே வந்து நின்ற பழக்கம் நமக்கு உண்டு. ஏணி ஒன்று, உருளைத் தூரிகை ஒன்று, துளைக்கருவி ஒன்று இருந்தால் ஒரு மாடிக்கே போதும். கோத்தோங் ரோயோங் முறையில் இந்த வாரம் உங்கள் வீடு, அடுத்த வாரம் பக்கத்து வீடு என்று சுற்றி வாருங்கள். தனியாக இருக்கும் பாட்டி தாத்தா வீட்டை முதலில் வையுங்கள். அவர்களால் ஏணி ஏற முடியாது, ஏறவும் விடக் கூடாது.

நேயர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் சாயக் கடைக்குப் புறப்பட வேண்டாம். சுவரைத் தொட்டுப் பாருங்கள். தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். ஆர்சிசிபி பொத்தானை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். இந்த மூன்றுக்கும் ஒரு சென் செலவில்லை.